வறண்ட கண்டத்தின் தண்ணீர்ப் பங்கீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியை 1997 முதல் 2009 வரை வாட்டிய நெடுவறட்சியைப் பற்றி ஓரிடத்தில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதையொட்டியே அமைந்திருந்தமையால், இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்நாட்டின் தண்ணீருக்கே ஒதுக்கியிருக்கிறேன். அந்த வறட்சியின் கடைசி ஆண்டுகளில் மெல்பர்ன் நகரில் வேலை பார்த்தவன் என்ற முறையில், கண்ணால் கண்ட சிலவற்றையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): ஒரு நாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வறட்சி நிலவ முடியுமா? அது மழையே இல்லாத நாடா?

மழையே இல்லாத நாடு அல்ல. ஆனால் மனிதர் வாழும் கண்டங்களில் மிக வறண்டது அதுதான். அதன் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 470 மில்லிமீட்டர். தமிழகத்தின் சராசரியில் கிட்டத்தட்டப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். மழையின் அளவைக் காட்டிலும் அதன் நிலையின்மையே அங்கே பெரிய சிக்கல். பசிபிக் பெருங்கடலில் எல் நினோ தலைகாட்டும் ஆண்டுகளில் கிழக்குப் பகுதி காய்ந்துபோகும். அதற்கு எதிரான லா நினா ஆண்டுகளில் அதே பகுதி வெள்ளத்தில் மிதக்கும். ஆகவே, "சராசரி மழை" என்ற கணக்கை நம்பி அங்கே யாரும் ஏர் பூட்ட முடியாது.

இதை முதலில் உணர்ந்து, துணிந்து சொன்னவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் கோய்டர். 1864-65 வறட்சிக்குப் பின், அவர் குதிரையில் நெடுந்தூரம் பயணம் செய்து, மண்ணில் வளர்ந்திருந்த செடிகளைப் பார்த்தே ஓர் எல்லைக் கோட்டை வரைந்தார். மல்லி எனப்படும் குட்டை யூகலிப்டஸ் புதர்கள் முடிந்து, உப்புச்செடிகள் தொடங்கும் இடம்தான் அந்தக் கோடு. அதற்கு வடக்கே பயிர் வைக்கக் கூடாது, மேய்ச்சலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் 1870-களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை பரவியது. 1874-இல் அரசே அந்தக் கோட்டைக் கைவிட்டது. குடியானவர்கள் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தார்கள். 1880-களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பியபோது ஊர் ஊராகக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவர்கள் கட்டிய கல்வீடுகள் கூரையில்லாமல் இன்றும் வெட்டவெளியில் நிற்கின்றன. நல்ல மழை ஆண்டுகளில் எடுக்கும் முடிவுகளே வறட்சி ஆண்டுகளில் உயிரெடுக்கின்றன என்பதற்கு அந்தச் சுவர்களைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. கீழே வரும் பதில்கள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): மர்ரே ஆறும் பல மாநிலங்களுக்குப் பொதுவானது என்று எழுதியிருந்தீர்கள். கடைமடையில் இருக்கும் மாநிலத்துக்குத் தண்ணீர் எப்படி உறுதி செய்யப்படுகிறது?

கடைமடைக்காரருக்கே உரிய கேள்வி. மர்ரே–டார்லிங் ஆற்றுப்படுகை ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்தது. கண்டத்தின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய நான்கு மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் அதில் அடங்கும். கடைமடை தெற்கு ஆஸ்திரேலியா. அதன் தலைநகரான அடிலெய்டு, வறண்ட ஆண்டுகளில் தன் குடிநீரில் மிகப் பெரும்பகுதியை இந்த ஒரே ஆற்றிலிருந்து குழாய் வழியாக எடுத்து வந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1903 வரை நீண்ட பெருவறட்சியில் மர்ரே சில இடங்களில் குட்டைகளாகச் சுருங்கியது. சண்டையிட்டுக்கொண்டிருந்த மாநிலங்களை அதுதான் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. 1914-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் சாரம் எளிமையானது. அல்பரி என்னும் ஊரில் ஆற்றில் வரும் நீரை நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைமடை மாநிலத்துக்கு உரிய பங்கை இருவரும் பாதிப்பாதியாகத் தம் கணக்கிலிருந்து விட வேண்டும். அந்தப் பங்கு இன்று ஆண்டுக்கு 1,850 கிகா லிட்டர், அதாவது ஏறத்தாழ 65 டி.எம்.சி. இதைச் செயல்படுத்தவே 1936-இல் ஹியூம் அணை கட்டி முடிக்கப்பட்டது; பின்னர் உயர்த்தப்பட்டு இப்போது ஏறத்தாழ 106 டி.எம்.சி. கொள்ளளவு உடையது. நம் மேட்டூர் அணையைக் காட்டிலும் சற்றுப் பெரியது.

எனினும், ஒப்பந்தம் மட்டுமே போதவில்லை என்பது 2006-07 ஆண்டில் தெரிந்தது. அந்த ஆண்டில் ஆற்றுக்கு வந்த நீர், முந்தைய நூறாண்டுப் பதிவுகளில் கண்டிராத அளவுக்குக் குறைந்தது. அப்போது மாநிலங்கள் ஒரு புதிய வரிசைமுறையை ஏற்றுக்கொண்டன. முதலில், தண்ணீரைக் கடைசி ஊர்வரை கொண்டுசேர்க்க ஆறே குடித்துக்கொள்ளும் நீர். அடுத்து, எல்லா மாநிலங்களிலும் மனிதருக்கு இன்றியமையாத நீர். அதன்பின் எஞ்சினால்தான் பாசனம். இவற்றில் முதலாவதை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. காய்ந்த ஆற்றில் திறந்துவிடப்படும் தண்ணீரில் பெரும்பகுதியை மணலும் வெயிலும் வழியிலேயே வாங்கிக்கொள்ளும் என்பதைத் தஞ்சை விவசாயிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இழப்பை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். வறட்சி முடிந்ததும் அதை மறந்துவிடாமல் சட்டத்திலும் சேர்த்தார்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் தண்ணீரைச் சந்தையில் வாங்கி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீரை விலைப்பொருளாக்குவது அநியாயம் அல்லவா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் எழுத என் மனம் ஒப்பவில்லை. முறை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அங்கே ஒரு விவசாயியிடம் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று நிரந்தர நீர் உரிமை. இது அணையில் உள்ள பங்கைப் போன்றது. இத்தனை லட்சம் லிட்டர் என்று அதில் எழுதியிருக்கும். மற்றொன்று, அந்த உரிமையின் மீது அந்த ஆண்டில் உண்மையாகக் கிடைக்கும் நீர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று நீராண்டு தொடங்கும்போது, அணைகளின் இருப்பைப் பார்த்து, உரிமையில் இத்தனை சதவீதம் தரப்படும் என்று அரசு அறிவிக்கும். மழை பெய்யப் பெய்ய அந்தச் சதவீதத்தை உயர்த்திக்கொண்டே போகும். உரிமையிலும் இரு தரங்கள் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் அவற்றை உயர் உறுதி உரிமை, பொது உறுதி உரிமை என்கிறார்கள். திராட்சை, ஆரஞ்சு போன்ற நிலைத்த மரப்பயிர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதல் வகையை வைத்திருப்பார்கள். நெல், பருத்தி போடுபவர்கள் இரண்டாம் வகையை வைத்திருப்பார்கள். தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டப்படுவது இரண்டாம் வகைதான். அது விதைப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதி.

2007-08 ஆண்டில் நியூ சவுத் வேல்ஸின் மர்ரே பள்ளத்தாக்கில் பொது உறுதி உரிமைக்குக் கிடைத்தது 0 சதவீதம். கையில் பத்திரம் இருக்கும். வாய்க்காலில் சொட்டு நீர் இருக்காது. 2000-01 ஆண்டில் 16 லட்சம் டன் அளவுக்கு விளைந்த ஆஸ்திரேலிய நெல், 2007-08-இல் 20,000 டன்னைக்கூட எட்டவில்லை. தென் அரைக்கோளத்திலேயே பெரியது என்று பெயர் பெற்ற டெனிலிக்வின் அரிசி ஆலை மூடப்பட்டது. அது மீண்டும் திறக்கப்பட்டது 2011-இல்தான்.

சந்தையின் பயன் இங்கேதான் வருகிறது. அந்த நெடுவறட்சியின் பல ஆண்டுகளில், அரைகுறையாகக் கிடைத்த நீரை வைத்து நெல் போட்டு நட்டப்படுவதைவிட, அதைக் கீழ்ப்பகுதியில் தோட்டம் வைத்திருந்தவருக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் ஆண்டைக் கடத்தினார்கள் பல நெல் விவசாயிகள். நெல்லை ஒரு பருவம் போடாமல் விட்டால் அடுத்த பருவம் போட்டுக்கொள்ளலாம். இருபது ஆண்டு வளர்த்த ஆரஞ்சு மரத்துக்கு ஒரு கோடை தண்ணீர் இல்லையென்றால் மரமே போய்விடும். ஆகவே, குறைந்த நீர் அதிகம் தேவைப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, விட்டுக்கொடுத்தவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் குறைகளும் சிறியவை அல்ல. 1990-களிலும் 2000-களிலும் செய்யப்பட்ட சீர்திருத்தங்களில் நீர் உரிமை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் விளைவாக, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத முதலீட்டு நிறுவனங்கள் தண்ணீரை வாங்கிக் கையிருப்பில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு வாய்க்காலில் இருந்த விவசாயிகளில் பாதிப்பேர் உரிமையை விற்றுவிட்டால், வாய்க்காலைப் பராமரிக்கும் செலவு முழுவதும் எஞ்சியவர்களின் தலையில் விழுந்தது. கடைகள் மூடின, பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள். மற்றொரு சிக்கல் இயற்கையானது. பார்மா என்னும் காட்டுப்பகுதியில் மர்ரே ஆறு மிகவும் குறுகிப்போகிறது. கரை வழியாமல் நாளொன்றுக்குச் சுமார் 700 கோடி லிட்டர் மட்டுமே அதில் செல்ல முடியும். கீழே பாதாம் தோட்டங்கள் பெருகப் பெருக, தாளில் வாங்கிய நீரை ஆற்றில் கொண்டுபோக இடமில்லாமல் போயிற்று. நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019 முதல் 2021 வரை விசாரித்து, இத்தனை பெரிய சந்தைக்கு முறையான கண்காணிப்பே இல்லை என்று அறிக்கை தந்தது. தரகர்களை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2023-இல்தான் சட்டமாயின.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அளவீடு. தெற்குப் பகுதியில் வாய்க்கால் மதகுகளில் கணக்கு ஓரளவு ஒழுங்காக இருந்தது. வடக்கே டார்லிங் ஆற்றின் கிளைகளில், வெள்ள நீரைப் பிரம்மாண்டமான மண் தொட்டிகளில் பிடித்துவைத்துக்கொள்ளும் பருத்திப் பண்ணைகளில், பல ஆண்டுகள் உருப்படியான மீட்டரே இல்லை. 2017-இல் ஒரு தொலைக்காட்சிப் புலனாய்வு இதை வெளிக்கொணர்ந்த பின்பே, நியூ சவுத் வேல்ஸ் அரசு தனி அமலாக்க அமைப்பை ஏற்படுத்தியது. அளக்காத தண்ணீரைப் பங்கிட முடியாது, விற்கவும் முடியாது. நம் ஊரில் சந்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன், மதகுதோறும் அளவுகோல் நடுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (திருச்சி வாசகி): நகரத்து மக்கள் தண்ணீர்க் கட்டுப்பாடுகளை உண்மையிலேயே பின்பற்றினார்களா, பெயரளவுக்குத்தானா?

பின்பற்றினார்கள், அம்மா. நானே அதற்குச் சாட்சி.

மெல்பர்னில் 2007 முதல் அமலில் இருந்த கட்டுப்பாட்டின்படி, வீட்டில் காரைக் கழுவக் கூடாது. கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் வாளித் தண்ணீரால் துடைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் நின்ற கார்கள் எல்லாம் மேலே புழுதி அப்பி, கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருக்கும். செடிகளுக்கு வாரம் இரண்டு நாள், அதிகாலையில் மட்டுமே நீர் விடலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர், வெந்நீர் வரும்வரை குளியலறைக் குழாயில் வீணாகும் குளிர்ந்த நீரை ஒரு சிவப்பு வாளியில் பிடித்து, தினமும் காலையில் தம் எலுமிச்சை மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றுவார். கைப்பிடி உடைந்தபின் அந்த வாளிக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டிலும் வாளி வைத்தோம்.

பிரிஸ்பேன் பகுதியில் நிலைமை இன்னும் கடுமையானது. 2007 ஆகஸ்டில் அந்நகரின் மூன்று முதன்மை அணைகளிலும் சேர்ந்து இருப்பு 17 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் என்ற இலக்கை அரசு வைத்தது. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சிறிய மணற்கடிகாரத்தை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். மணல் விழுந்து முடிய 4 நிமிடம், அதற்குள் குளித்து முடிக்க வேண்டும். நாளுக்கு 800 லிட்டருக்கு மேல் செலவழித்த வீடுகளுக்குக் கடிதம் போனது. ஏன் இவ்வளவு என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். குடும்பம் பெரியது என்றாலோ, குழாய்க் கசிவு என்றாலோ உதவினார்கள். காரணமில்லை என்றால் கட்டுப்பாடு. வறட்சிக்கு முன் ஆளுக்கு 300 லிட்டர் அளவில் இருந்த பயன்பாடு 130 லிட்டர் அளவுக்கு இறங்கியது.

இது சாத்தியமானதற்குக் காரணம், மக்களின் ஒழுக்கத்தைப் போலவே நிர்வாகத்தின் வெளிப்படைத்தன்மையும்தான். அணைகளில் இத்தனை சதவீதம் இருப்பு என்பது நாளிதழ்களில், தொலைக்காட்சியில், சாலையோரப் பலகைகளில் எந்நேரமும் கண்ணில் பட்டது. எந்த மட்டத்தில் எந்தக் கட்டுப்பாடு வரும் என்பதும் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்று தெரிந்தால் மனிதர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். வாசலில் குழாய் காயும்போது தெருமுனை மாளிகையின் புல்வெளி மட்டும் பச்சையாக இருந்தால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): எங்களுக்கு மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள் இருப்பதுபோல, அங்கும் கடல்நீரைக் குடிநீராக்கியே பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள் அல்லவா?

பெர்த் நகருக்கு ஓரளவு ஆம். மெல்பர்னுக்கு அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒப்பிட்டால் பாடம் புரியும்.

மேற்குக் கரையில் உள்ள பெர்த்தில் 1970-களின் நடுப்பகுதியிலிருந்தே மழை படிப்படியாகக் குறைந்துவருகிறது. மழை சிறிதளவு குறைந்தாலும் அணைக்கு ஓடிவரும் நீர் பன்மடங்கு குறைந்துவிடும். காய்ந்த மண் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே ஓடையில் நீரை விடும். அது போய்த் திரும்பிவரும் வறட்சி அல்ல, பருவநிலையே மாறிவிட்டது என்பதை அந்நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 2006 நவம்பரில் குவினானாவில், ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர் தரும் நிலையத்தைத் திறந்தது. அதன் மின் தேவைக்கு ஈடாக ஒரு காற்றாலைப் பண்ணையிலிருந்து மின்சாரம் வாங்கியது. பின்னர் பின்னிங்கப்பில் அதைவிடப் பெரிய நிலையம் வந்தது. அவை ஆண்டு முழுவதும் இயங்குகின்றன, ஆகவே செலவு வீணாகவில்லை.

மெல்பர்ன், அணைகள் வற்றிய பதற்றத்தில் 2007-இல் முடிவெடுத்தது. ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரக்கூடிய வொந்தாகி நிலையம் 2012 டிசம்பரில் முடிந்தபோது, வறட்சி முடிந்து, வெள்ளமே வந்து போயிருந்தது. முதல் தண்ணீரை 2017-இல்தான் வாங்கினார்கள். ஆனால் தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் போய்க்கொண்டே இருக்கிறது. அது ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்திலும் ஏறியது. அந்த நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகரம் வளர்ந்துகொண்டிருக்கிறது, இன்னொரு வறட்சி நிச்சயம் வரும். பயந்த நேரத்தில் பேரம் பேசினால் பேரம் படியாது என்பதுதான் அங்கே நடந்தது.

கேள்வி (ஈரோடு வாசகர்): கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்களா?

துவூம்பா என்ற ஊரில் 2006 ஜூலை 29 அன்று இதற்காகவே வாக்கெடுப்பு நடந்தது. ஊரின் அணைகள் வறண்டுகொண்டிருந்தபோதும், சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கடைசியில், மலைமேல் இருக்கும் அந்த ஊருக்குக் கீழேயுள்ள விவன்ஹோ அணையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை ஏற்ற வேண்டியதாயிற்று.

பெர்த் வேறு வழியில் சென்றது. சுத்திகரித்த கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் ஆகிய மூன்று படிகளில் குடிநீர்த் தரத்துக்குக் கொண்டுவந்து, ஆழ்நிலத்தடி நீர்ப்படுகைக்குள் செலுத்தினார்கள். 2010 முதல் 2012 வரை சோதனை ஓட்டம். அந்த ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் நிலையத்துக்குள் வந்து பார்க்கலாம், எந்தக் கேள்வியும் கேட்கலாம். 2017-இல் முழு அளவில் தொடங்கியபோது எதிர்ப்பு பெரிதாக இல்லை. நமீபியாவின் விந்தூக் நகரம் 1968 முதலே மீட்டெடுத்த நீரை நேரடியாகக் குடிநீரில் கலந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. மக்களிடம் எப்போது, எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

கேள்வி (விருதுநகர் வாசகர்): எங்கள் பகுதியில் ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளை போடுகிறார்கள். நிலத்தடி நீரை அவர்கள் எப்படிக் காக்கிறார்கள்?

அந்தக் கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடியில், பேராழ்துளைப் படுகை என்று சொல்லத்தக்க பிரம்மாண்டமான நீர்த்தேக்கம் இருக்கிறது. அழுத்தம் மிகுந்த நீர் என்பதால், துளையிட்டால் மோட்டார் இல்லாமலேயே பொங்கி வெளிவரும். 1878-இல் முதல் துளை போடப்பட்டதிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக அதைத் திறந்தபடியே விட்டு, மண் வாய்க்கால்களில் மைல் கணக்கில் ஓடவிட்டு ஆடுமாடுகளுக்குக் காட்டினார்கள். அப்படி ஓடிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஆவியாகவும் கசிந்தும் போனது. அழுத்தம் குறைந்து, பழங்குடியினர் காலங்காலமாகப் போற்றிவந்த பல இயற்கை ஊற்றுகள் வற்றிப்போயின.

1999 முதல் மத்திய அரசும் மாநிலங்களும் நில உடைமையாளர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு, அந்தத் துளைகளுக்கு மூடி போட்டு, வாய்க்காலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாயும் தொட்டியும் அமைத்துவருகிறார்கள். சில இடங்களில் அழுத்தம் மீண்டிருக்கிறது. உங்கள் பகுதியின் பாறைத்தளம் இதைப்போல் நீர் நிறைந்தது அல்ல என்பதால், அங்கே இதைவிடக் கூடுதலான கட்டுப்பாடு தேவை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): எல்லாம் சரி. ஆற்று நீர் கடலில் வீணாகக் கலப்பதைத் தடுத்தாலே எந்த நாட்டிலும் பஞ்சம் வராதே?

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கடலில் கலக்கும் நீர் வீண் என்ற எண்ணத்தை ஆஸ்திரேலியர்கள் நூறாண்டு கடைப்பிடித்துப் பார்த்துவிட்டார்கள். அதன் பலனையும் கண்டுவிட்டார்கள்.

1995-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, இயற்கையாக மர்ரே முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நீரின் நடுநிலை அளவில் (ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவில்) 21 சதவீதமே கடலை அடைந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே, 1991-இல், டார்லிங் ஆற்றில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்து, அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது. கணக்கெடுப்புக்குப் பின், ஆற்றிலிருந்து எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு விதித்தார்கள். நெடுவறட்சியில் அதுவும் போதாமல் போகவே, 2007-இல் தேசிய நீர்ச் சட்டம் வந்தது. 2012 நவம்பரில் ஆற்றுப்படுகைத் திட்டம் கையெழுத்தானது. ஆற்றுக்கு ஆண்டுக்கு 2,750 கிகா லிட்டர், ஏறக்குறைய 97 டி.எம்.சி., திருப்பித் தர வேண்டும் என்று அதில் முடிவாயிற்று. அதற்காக அரசே விவசாயிகளிடமிருந்து உரிமைகளை விலைகொடுத்து வாங்கியது. விருப்பமில்லாத ஊர்களில் கோபம் கொதித்தது. 2010-இல் கிரிஃபித் நகரில் திட்ட வரைவின் பிரதிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொடுத்த உரிமைகளே ஆறு தாங்குவதைவிட அதிகம் என்ற பழைய தவறுக்கு, புதிய தலைமுறை விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஆறு கடலுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்? அந்தப் படுகையின் மண்ணில் இயல்பாகவே உப்பு மிகுதி. ஆறுதான் அதைச் சுமந்துகொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் உப்பு வெளியேற வேண்டும் என்பது ஆற்றுப்படுகைத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று. நீர் போகவில்லை என்றால் உப்பு வயலிலேயே தங்கும். நாகைக் கரையில் உப்பேறிய கிணற்றைப் பார்த்தவருக்கு இதன் பொருள் தெரியும். 2018-19 கோடையில் மெனிண்டி அருகே டார்லிங் ஆற்றின் தேங்கிய மடுக்களில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அவற்றில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மர்ரே காட் மீன்களும் இருந்தன. வறட்சியோடு, மேற்பகுதியில் அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்டதும் காரணம் என்று அறிவியல் கழகத்தின் குழு கூறியது.

நான் முகத்துவாரத்தை 2009-இல் பார்த்தேன். பெரிய ஆறு ஒன்று கடலோடு சேரும் இடம் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கடல் கொண்டுவந்து கொட்டிய மணல் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. மணலைத் தள்ளிவிட ஆற்றுக்கு வலுவில்லை. அதற்குப் பதிலாக, தூர்வாரும் மிதவை இயந்திரம் மணலை உறிஞ்சிக் குழாய் வழியாக அப்பால் கொட்டிக்கொண்டிருந்தது. 2002 அக்டோபர் முதல் 2010 டிசம்பர் வரை அந்த வேலை நடந்தது. உள்ளே இருந்த அலெக்சாந்திரினா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போய், வெளியே தெரிந்த ஏரிமண் காற்றுப் பட்டு அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. கரையில் படகுத்துறையின் மரத்தூண்கள் வெறும் தரையில் நின்றன. அவற்றின்மேல், நீர் எவ்வளவு உயரம் இருந்தது என்பதைக் காட்டும் கறை என் தலைக்கு மேலே இருந்தது.